ஒரே பாத்திரமா, நாற்பது கிண்ணங்களா? திருவிருந்துப் பாத்திரங்கள் பற்றி ஒரு மதிப்புரை

இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து கிறிஸ்தவர்கள் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்வதே திருவிருந்து. சபைக்குத் திருவிருந்துப் பாத்திரம் வாங்கும்போது மூன்று கேள்விகள் தவறாமல் எழும். என்ன விலை, எத்தனை பேருக்குக் காணும், கழுவுவது எளிதா? நான்காவதாக ஒன்றைக் கேட்க வேண்டும். ஜாதியாலோ நிறத்தாலோ மொழியாலோ பணத்தாலோ விலகி நிற்கும் இரண்டு சமூகத்தார் ஒரே சபையில் இருந்தால், இந்தப் பாத்திரம் அவர்களைக் கிட்டே கொண்டுவருமா, அல்லது விலகியே நிற்க வசதி செய்து கொடுக்குமா? இந்த மதிப்புரையில் அந்தக் கேள்விக்குத்தான் முதலிடம். இப்போது புழக்கத்தில் உள்ள ஐந்து வகைகளைப் பார்க்கிறோம்: எல்லாரும் குடிக்கும் பொதுப் பாத்திரம், தனிக் கிண்ணத் தட்டு, மூக்கு வைத்த ஊற்றுப் பாத்திரம், அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் முறை, முத்திரையிட்டு விற்கும் ஆயத்தக் கிண்ணம்.

இந்த அளவுகோல் நாமாகக் கொண்டுவந்து திணித்ததல்ல. ஆதிச் சபைகளில் ஒன்றான கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு முடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அப்போஸ்தலர் பவுல் அதைக் கண்டித்தபின் சொன்ன பரிகாரம், பந்தி பரிமாறுகிறவருக்குச் சொல்லும் யோசனை போல அத்தனை எளியது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உண்பதை விட்டு மெல்ல விலகிக்கொண்டபோதும் பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகவே எதிர்த்துக் கேட்டார். இரண்டு இடத்திலும் பிரச்சினை பந்தியில்தான் வெளிப்பட்டது. ஆகவே பந்தியில் எதை வைக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

முதலில் பொதுப் பாத்திரம். பிரிவினை உள்ள சபைக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணம் நேரடியானது. ஒருவர் வாய் வைத்த இடத்தில் அடுத்தவர் வாய் வைக்கிறார். தீண்டாமை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அது உயிரோடிருந்தது இந்த எச்சில் விஷயத்தில்தான். பிரசங்கத்தில் நூறு முறை "நாம் ஒரே சரீரம்" என்று கேட்டுவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போய்விடலாம். பாத்திரம் உதட்டருகே வரும்போது அப்படி நழுவ முடியாது.

அளவு: 300 மில்லி லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200 மில்லி லிட்டர் ஊற்றுங்கள். ஒரு மிடறு ஏறக்குறைய 6 மில்லி லிட்டர் என்று வைத்தால் முப்பது பேருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். 200 பேருக்கு மொத்தம் 1.2 லிட்டர் தேவை. மீதியைச் சாடியில் வைத்திருந்து இடையிடையே ஊற்றிக்கொள்ளலாம். விளிம்புவரை நிரப்பினால் சாய்க்கும்போது உடையில் சிந்தும். கால் பங்குக்குக் கீழே இறங்கவிட்டால் பாத்திரத்தை அதிகம் சாய்க்க வேண்டிவரும், முதியவர்களுக்குக் கழுத்து ஒத்துழைக்காது. ஒருவருக்கு ஏழெட்டு விநாடி ஆகும். ஒரே பாத்திரத்தில் 200 பேர் என்றால் இருபத்தைந்து நிமிடம். அதை ஒரு நீண்ட பாடலுக்கும் மௌன ஜெபத்துக்கும் உரிய நேரமாக முன்கூட்டியே திட்டமிடாத சபைகள்தான், நேரமாகிறது என்று சொல்லி இந்த முறையைக் கைவிடுகின்றன.

துடைக்கும் துணி பருத்தி அல்லது லினன், 30 சென்டிமீட்டர் சதுரம் போதும். ஒவ்வொருவர் குடித்தபின்னும் விளிம்பை உள்ளும் புறமும் துடைத்து, பாத்திரத்தைக் கால் வட்டம் திருப்பி, துணியின் உலர்ந்த மடிப்புக்கு மாற வேண்டும். முப்பது பேருக்கு ஒரு துணி. ஒரே ஈரத்துணியால் நூறு பேருக்குத் துடைத்தால் அது துடைப்பதாகாது, பூசுவதாகும். உலோகம் நல்லது, வெள்ளி, உட்புறம் பொன்முலாம் பூசிய வெள்ளி, தரமான துருப்பிடிக்காத எஃகு எல்லாம் தகும். மரமும் மெருகிடாத மண்பாத்திரமும் பார்வைக்கு அழகு. ஆனால் நுண்துளைகளில் ரசம் ஊறி, துடைத்தாலும் சுத்தமாகாது.

நோய்ப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. பொதுப் பாத்திரத்தால் நோய் பரவியதாக நிரூபிக்கப்பட்ட சம்பவம் எதுவும் பதிவாகவில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1998இல் எழுதினார்கள். அபாயம் மிகக் குறைவு என்பதே அதன் பொருள். அறவே இல்லை என்பதல்ல. சளி, காய்ச்சல், வாய்ப்புண் உள்ளவர்களும் நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம், அது குறைவான திருவிருந்து ஆகாது என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத இடத்தில் உடல்நிலைக்காக ஒதுங்குகிறவர்களும் பக்கத்தில் நிற்பவருக்காக ஒதுங்குகிறவர்களும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். பிறகு யார் எதற்காக ஒதுங்கினார் என்று ஆயருக்கே தெரியாது.

இந்த வகையில் எது கெட்டுப்போகும் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் கோளாறு வரிசை. பாத்திரம் ஒன்றாக இருந்தாலும் முதலில் யார் குடிப்பது என்பதில் பழைய மேல்கீழ் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். குறிப்பிட்ட குடும்பங்கள் எப்போதும் முன்வரிசையிலிருந்தே எழுந்து வரும். எந்த வரிசையிலிருந்து தொடங்குவது என்பதை ஆராதனைக்கு ஆராதனை மாற்றுங்கள்: ஒருமுறை முன்னிருந்து, ஒருமுறை பின்னிருந்து, ஒருமுறை நடுவிலிருந்து. முறைமை இடம் கொடுக்கும் சபைகளில் ஆயர் கடைசியாகக் குடிப்பது மிக நல்லது. எல்லாரும் குடித்த பாத்திரத்தில் அவர் குடிப்பதைச் சபை பார்க்கும்.

இரண்டாவது கோளாறு இரண்டு பாத்திரம். நேரத்தை மிச்சப்படுத்த இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைப்பார்கள். உட்காரும் இடமே சமூகவாரியாகப் பிரிந்திருந்தால், கொஞ்ச காலத்தில் அது அவர்கள் பாத்திரம், இது நம் பாத்திரம் என்று ஆகிவிடும். யாரும் சதி செய்ததில்லை, யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆனால் இரட்டைக் குவளை ஆலயத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு பாத்திரம் தவிர்க்க முடியாதென்றால், பாதிப்பேர் பெற்றதும் பாத்திரம் ஏந்துகிறவர்கள் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும். இதை எழுதிவைத்து ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். ஒருமுறை விட்டால் மறுமுறை மாறுவது யாரையோ குறிவைத்துச் செய்வது போலத் தோன்றும்.

மூன்றாவது, கண்ணுக்குச் சட்டென்று படாதது: கொடுக்கும் விதம். சிலரிடம் பாத்திரத்தையே கையில் கொடுப்பார்கள். சிலருக்கு எட்ட நின்று, விரல் படாமல் சாய்ப்பார்கள். வேண்டுமென்றே செய்வதாகச் சொல்ல முடியாது, கை பழகிப்போயிருக்கும். எல்லாருக்கும் ஒரே விதம் என்று வரையறுத்துவிடுங்கள்: பெறுகிறவர் ஒரு கையால் பாத்திரத்தின் அடியைப் பிடிக்கிறார், கொடுக்கிறவர் தண்டைப் பிடித்திருக்கிறார், இருவரும் சேர்ந்து சாய்க்கிறார்கள். சிந்துவதும் குறையும்.

யாராவது அப்பத்தை வாங்கிக்கொண்டு பாத்திரத்தைத் தாண்டிப் போனால் அது தெரிந்துவிடும் என்பதைப் பலர் இந்த முறையின் குறையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது நிறையாகவே படுகிறது, ஒரு நிபந்தனையோடு. தெரிந்ததை வைத்து அந்த இடத்திலேயே அவமானப்படுத்தக் கூடாது. அந்த வாரம் ஆயர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். தாண்டிப் போகப்பட்டவர் வீட்டுக்கும் போக வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது இந்த இரண்டாவது வீடுதான். சபையில் காயப்பட்டவர் அவர்தானே.

அடுத்தது தனிக் கிண்ணத் தட்டு. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், கிருமி பற்றிய அச்சம் பரவிய 1890களில் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகளில் இது புழக்கத்துக்கு வந்தது. சுகாதாரமே சொல்லப்பட்ட காரணம். எந்த அந்நியருக்குப் பின்னால் குடிக்கிறோமோ என்ற கூச்சமும் அந்த விவாதங்களுக்குள் கலந்தே இருந்தது. இன்று பரவலாகக் கிடைக்கும் தட்டில் 40 குழிகள். கிண்ணம் ஒன்றில் பாதுகாப்பாக 10 மில்லி லிட்டர் ஊற்றலாம். ஒரு தட்டுக்கு 400 மில்லி லிட்டர், 200 பேருக்கு ஐந்து தட்டு, 2 லிட்டர் ரசம். விருந்தாளிகளுக்காக ஆறாவது தட்டு ஒன்றை நிரப்பி வையுங்கள். சாடியிலிருந்து நேராக ஊற்றினால் பாதி குழிக்குள் வழியும், தட்டு பிசுபிசுக்கும். நீண்ட மூக்குள்ள பிழியும் குப்பியால் நிரப்புங்கள். கண்ணாடிக் கிண்ணமானால் வெந்நீரில் ஊறவைத்து, சிறு தூரிகையால் அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். காய்ந்த ரசம் அடியில் வளையமாகப் படிந்து, அடுத்த முறை புளிப்பு வாடை அடிக்கும். பிளாஸ்டிக் கிண்ணம் கழுவும் வேலையை மிச்சப்படுத்தும், குப்பையைக் கூட்டும்.

சேர்த்து வைக்குமா? இங்கே தீர்ப்பு ஒரே வரியில் வராது. பிரிந்த சபையில் இந்தத் தட்டு பெரிய அடைக்கலம்: யாரும் யாருக்குப் பின்னாலும் குடிக்க வேண்டியதில்லை, யாரும் யாரையும் மறுத்ததாகத் தெரியாது. பிரிவு போய்விட்டதாகத் தோன்றும், ஆனால் உள்ளே அப்படியே இருக்கும். இதுதான் எங்கள் பெரிய ஆட்சேபணை. அதே தட்டுக்கு ஒரு வலிமையும் உண்டு. அது பெஞ்சு வழியாகக் கைமாறிப் போகும்போது பக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவருக்குப் பரிமாறுகிறார். விசுவாசியின் கையிலிருந்து விசுவாசி பெறுகிறார். பிறகு எல்லாரும் கிண்ணத்தைப் பிடித்துக் காத்திருந்து, ஒரே நேரத்தில் குடிக்கிறார்கள். பவுல் கேட்ட காத்திருத்தல் இங்கே நன்றாக நடக்கிறது. ஆனால் பெஞ்சில் கலந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சமூகமும் தன்தன் பெஞ்சில் இருந்தால் தட்டு அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும். தட்டு வாங்குவதற்கு முன் உட்காரும் ஒழுங்கைச் சரிசெய்யுங்கள்.

பெஞ்சு விஷயம் நம் மண்ணில் எவ்வளவு பழையது என்பதை நினைவில் வைப்பது நல்லது. தரங்கம்பாடியில் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலேயே ஜாதிப்படி இடம் பிரித்துத்தான் உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆலயத்தில் உட்காரும் இடத்திலும் திருவிருந்திலும் ஜாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார்; வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது, பலர் சபையை விட்டே போனார்கள். 1840களில் மதுரையில் அமெரிக்க மிஷன், சேர்ந்து உண்ண மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை என்ற நிலையை எடுத்தது. கொள்கை சரியானது. ஆனால் விருந்தைப் பரீட்சையாக்கினால், தேறுவதற்காக உண்டுவிட்டு வீட்டில் பழையபடி இருப்பவர்களையும் அது உருவாக்கும். பாத்திரத்தைத் தாண்டிப் போகிறவரை அந்த இடத்திலேயே அவமானப்படுத்தக் கூடாது என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான்.

தென்னாப்பிரிக்காவின் வரலாறு எதிர்த்திசையில் எச்சரிக்கிறது. கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபை 1829இல், திருவிருந்து நிற வேற்றுமை இல்லாமல் எல்லாருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும் என்று முடிவெடுத்தது. 1857இல் அதே சபையின் சினாடு, அதாவது பொதுப் பேரவை, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாகக் கூடலாம் என்று இடம் கொடுத்தது. விலக்காகத் தொடங்கியது வழக்கமானது. 1881இல் "நிறத்தவர்" என்று அங்கே அழைக்கப்பட்ட கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே உருவானது. அந்தச் சபைதான் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1986இல், ஐக்கியமும் ஒப்புரவும் நீதியும் சுவிசேஷத்தின் சாரம் என்று பெல்ஹார் அறிக்கையை ஏற்றது. சபைக்குழுவில் "தற்காலிகமாக இரண்டு ஆராதனை வைத்துக்கொள்வோம்" என்ற யோசனை வரும்போது இந்த ஆண்டுகளைப் படித்துக்காட்டலாம். மொழிக்காக இரண்டு ஆராதனை வைப்பது வேறு. அப்படி வைத்தாலும் திருவிருந்து நாளில் ஒன்றாகக் கூடி, வாசிப்புகளை இரு மொழியிலும் படிப்பது நடக்கக்கூடிய காரியம்தான்.

ஊற்றுப் பாத்திரம் அதிகம் பேருக்குத் தெரியாத நடுவழி. விளிம்பில் சிறு மூக்கு வைத்த பெரிய பாத்திரம் இது. வருகிறவர்கள் தட்டிலிருந்து வெறுங்கிண்ணம் ஒன்றை எடுத்து வருகிறார்கள். ஆயர் அந்த ஒரே பாத்திரத்திலிருந்து ஒவ்வொரு கிண்ணத்திலும் ஊற்றுகிறார். லூத்தரன் சபைகள் பலவற்றில் இது உண்டு. நோய் அச்சம் நீங்குகிறது, ஒரே பாத்திரம் என்ற அடையாளமும் நிலைக்கிறது, வரிசையில் எல்லாரும் சேர்ந்தே நிற்கிறார்கள். நோயாளிகளும் முதியவர்களும் அதிகமுள்ள சபைக்கு இதையே சிபாரிசு செய்வோம். குறை, மூக்கின் வடிவத்தில் இருக்கிறது. மழுங்கிய மூக்கானால் ஊற்றி நிமிர்த்தும்போது ரசம் வெளிப்புறமாக வழிந்து விரலை நனைக்கும். வாங்குமுன் கடையிலேயே தண்ணீர் ஊற்றி, பத்து முறை சாய்த்து நிமிர்த்திப் பாருங்கள். சொட்டு அடியில் இறங்கினால் வேண்டாம். நிரப்பினால் ஒரு கிலோவை நெருங்கும் பாத்திரங்களும் இருக்கின்றன. கை நடுங்கும் ஆயருக்கு 400 மில்லி லிட்டருக்குமேல் கொள்ளாத சிறிய அளவே ஏற்றது.

தோய்த்துக் கொடுக்கும் முறை சுத்தமானது என்ற எண்ணம் தவறு. பெறுகிறவரே தோய்த்தால் விரல் நுனியும் நகமும் ரசத்துக்குள் போகும். உதட்டைவிடக் கைதான் அழுக்கு. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு அந்தப் பாத்திரமே ஆகாததாகிவிடும். கொடுக்கிறவர் மட்டும் தோய்த்து நாவில் வைத்தால் ஓரளவு சரி. பொதுப் பாத்திரம் உள்ள சபையில் இதையும் விருப்பத் தேர்வாக வைக்கும்போது கவனியுங்கள்: சிலருக்குப் பின்னால் வரும்போது மட்டும் தோய்க்கிறவர்கள் உண்டு.

முத்திரையிட்ட ஆயத்தக் கிண்ணம் 2020இன் பெருந்தொற்றில் பரவியது. மேலே ஒரு படலத்தின் கீழ் அப்பம், அதன் கீழ் இன்னொரு படலத்தின் கீழ் ரசம். முதியவர்களால் உரிக்க முடியாது. வேகமாக உரித்தால் தெறிக்கும். அப்பத்தில் பிளாஸ்டிக் வாடை வரும். யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய குறை. மருத்துவமனைத் தனிமை வார்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆலயத்துக்கு வேண்டாம்.

அப்பத்துக்கு வருவோம். பாத்திரத்தைப் பற்றி விவாதித்துவிட்டு அப்பத்தில் அச்சடித்த வட்டங்களை வாங்கி வைப்பவர்கள், பவுலின் வாதத்தில் பாதியை விட்டுவிடுகிறார்கள்: "நாமெல்லாரும் அந்த ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம்" என்றுதான் அவர் எழுதுகிறார். 500 கிராம் கோதுமை மாவு, 300 மில்லி லிட்டர் வெதுவெதுப்பான நீர், 30 மில்லி லிட்டர் எண்ணெய், 5 கிராம் உப்பு. பத்து நிமிடம் பிசைந்து, அரைமணி மூடி வைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி, பாதி ஆழத்துக்குச் சிலுவைக் கோடு கீறுங்கள். 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 15 முதல் 18 நிமிடம். ஏறக்குறைய 700 கிராம் தேறும். ஒருவருக்கு 5 கிராம் வீதம் 140 பேருக்கு ஆகும். உதிர்வதுதான் வழக்கமான புகார். எண்ணெயைக் குறைத்தாலும், அதிகம் சுட்டாலும், மூடாமல் வைத்தாலும் உதிரும். சூடு ஆறியதும் துணியில் சுற்றி, அதன்மேல் மூடியிட்டு வையுங்கள். முந்தின நாள் மாலையே சுட்டது போதும்.

யார் சுடுவது என்பது செய்முறையைவிட முக்கியம். பிசைகிற கை எந்த வீட்டுக் கை என்று பார்த்து உண்ணும் மனது நம்மில் இன்னும் போகவில்லை. அட்டவணை போட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சமூகத்து இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரே அடுப்பில் சுடட்டும். அடுப்பும் முறை வைத்து மாறட்டும். யார் சுட்டார்கள் என்பதை அறிவிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பாத்திரம் ஏந்துகிறவர்களுக்கும் இதே அட்டவணை.

கோதுமை ஒவ்வாதவருக்குத் தனித்தட்டு வைப்பது நல்லெண்ணம். ஆனால் அங்கே இன்னொரு தனி வரிசை முளைக்கும். சபைமுறை அனுமதித்தால் அந்த ஒரே அப்பத்தையே எல்லாருக்கும் ஏற்றதாகச் செய்வது மேல். கத்தோலிக்கத் திருச்சபையில் கோதுமை அப்பமே கட்டாயம். அங்கே ஒவ்வாமைப் புரதம் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு. ரசத்திலும் அப்படித்தான். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருகிறவரைத் தனியாக நிற்க வைப்பதைவிட, அனுமதியுள்ள சபைகளில் எல்லாருக்கும் புளிக்காத திராட்சைச் சாறு வைத்துவிடலாம். 1869இல் தாமஸ் வெல்ச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் வழியைக் கண்டதும் திருவிருந்துக்காகவே. சாற்றில் மதுசாரம் இல்லை. ஆகவே பொதுப் பாத்திரத்தில் சாறு வைத்தால் துடைக்கும் துணியில் இரட்டைக் கவனம் வேண்டும்.

கடைசியாக வாங்கும் விவரம். பொதுப் பாத்திரத்தில் விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விரலை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். சொரசொரப்பு, கீறல், முலாம் உரிந்த புள்ளி எதுவும் இருக்கக் கூடாது. வெளிப்புறச் சித்திர வேலைப்பாடு விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டராவது கீழே தொடங்க வேண்டும். இல்லையென்றால் பள்ளங்களில் ரசம் தங்கும். அடிவட்டம் வாய்வட்டத்தைவிட அகலமாக இருந்தால் எளிதில் கவிழாது. ஆராதனை முடிந்ததும் எஞ்சியதை உட்கொண்டு, தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசல் நீரையும் குடித்துவிடுவது அல்லது மண்ணில் ஊற்றுவது வழக்கம். பிறகு மென்மையான சோப்பு, வெந்நீர், உடனே துடைத்தல். உப்பும் புளியும் வைத்துத் தேய்த்தால் முலாம் சீக்கிரம் போய்விடும். சில வருடங்களுக்கு ஒருமுறை உட்புறம் மட்டும் மறுமுலாம் பூச வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பாத்திரம் நன்கொடை கொடுத்த ஒரே குடும்பத்தின் தலையில் கட்டாமல், சபை முழுவதிலும் சிறுசிறு தொகையாகத் திரட்டுங்கள். நன்கொடையாளர் பெயரைப் பாத்திரத்தில் பொறிக்கவும் வேண்டாம்.